சாதாரணம் அண்ணன்

எங்கள் ஸ்கேன் பிரிவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூடக் கையை விரிப்பார். சாதாரணம் அண்ணன் என்று கேட்டால் கேண்டீன்காரர்வரை எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடமாக சிடி இயந்திரத்தை இயக்குகிறார். நோயாளி படுக்கிற அறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அதன் முன்னால் அவருடைய நாற்காலி. அவருக்குப் பின்னால், மூலையில், டாக்டர்கள் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு மேசை. நான்கு வருடமாக அவருடைய முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயம் வந்தால் அது முதலில் அங்கேதான் தெரியும். சட்டையின் தோள்பட்டைத் தையல் இரண்டும் மெல்லக் காதை நோக்கி ஏறும்.

பயந்த சுபாவம் அவருக்கு. லிஃப்டில் ஏற மாட்டார். மூன்று மாடியும் படிதான். தெருவில் நாய் படுத்திருந்தால், அது தூங்கினாலும் சரி, எதிர்ப்பக்கம் போய்விடுவார். குக்கர் விசில் அடிக்கும்போது சமையலறை வாசலைத் தாண்ட மாட்டாராம். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. பள்ளிச் சீருடைகள் தைக்கும் கடை வைத்திருக்கிறார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேசக்கூடியவர். நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம்.

"எங்க வீட்டுக்குத் திருடன் வந்தா, இவரே கதவத் தெறந்து, 'வாங்க சார், வீட்டம்மா உள்ள இருக்காங்க, அவங்ககிட்டப் பேசிக்கோங்க'ன்னுட்டு மாடிக்குப் போயிடுவாரு" என்பார் அண்ணி. அண்ணனும் சிரிப்பார்.

ஆனால் அவருடைய பெரிய பயம் நாயுமில்லை, குக்கருமில்லை. மருந்து.

வெறும் ஸ்கேனில் உடம்புக்குள் பல இடங்கள் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கை நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்தினால், ரத்தம் போகும் வழியெல்லாம் வெளுத்து எழும். கட்டி எது, கல் எது, குழாய் எது என்று பிரித்துப் பார்க்கலாம். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குத் தோலில் தடிப்பு வரும், தும்மல் வரும். ஆயிரக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருக்கு, சில நிமிடங்களுக்குள், தொண்டை அடைத்து ரத்த அழுத்தம் கீழே போய்விடும். அந்த ஒருவர் யார் என்று முகத்தில் எழுதியிருக்காது.

"லாட்டரின்னா ஒருத்தனுக்குத்தான் விழும்னு தெரிஞ்சு நிம்மதியாத் தூங்கலாம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "இதுலயும் ஒருத்தனுக்குத்தான் விழும். ஆனா நான்தானே தினம் டிக்கெட் கிழிக்கறேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய நடுக்கம் நோயாளிகளுக்கும் தொற்றிக்கொள்ளுமாம். அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி மேசையிலிருந்து இறங்கி வீட்டுக்கே போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சை உண்டாக்கினார். வருடக்கணக்காக அதைத் தேய்த்துத் தேய்த்து, கூழாங்கல் மாதிரி வழவழப்பாக்கி வைத்திருந்தார்.

"மருந்து போகும்போது உடம்பு சூடாகும். சாதாரணம். தொண்டைல ஒரு மாதிரி காந்தும். சாதாரணம். வாயில இரும்பு ருசி வரும். சாதாரணம். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க. அதுவும் சாதாரணம். ஒரே ஒரு வேலதான் உங்களுக்கு. அசையாமப் படுத்திருக்கணும்."

கேட்பவரின் கால்விரல்கள் தளர்வதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். வேறு ஆஸ்பத்திரியில் பயந்து எழுந்தோடியவர்கள்கூட அவரிடம் படுத்துவிட்டுப் போவார்கள்.

பேச்சின் கடைசியில் இன்னொரு வரி உண்டு. நோயாளியின் கையில் ஒரு ரப்பர் பல்பு கொடுப்பார்கள். அமுக்கினால் எங்கள் பக்கம் மணி அடிக்கும். ஆரம்பத்தில் அதைப் பற்றி விரிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆனால் ஜனங்கள் எதற்கெல்லாமோ அமுக்கினார்கள். மூக்கு அரிக்கிறது, செருப்பை எங்கே விட்டேன், இன்னும் எவ்வளவு நேரம். ஒருவர் சரியாகப் படம் ஓடும் நொடியில் அமுக்கியதோடு தலையையும் தூக்கிப் பார்க்க, படம் கலங்கி, அவருக்கே இன்னொரு தடவை மருந்து போட வேண்டியதாயிற்று. அன்று வாங்கிய திட்டை அண்ணன் வீட்டில் ஒரு மாதம் சொல்லிப் புலம்பினார். அதிலிருந்து அந்த வரி சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், "ரொம்ப முடியலன்னா மட்டும் இது" என்று பல்பை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு வந்துவிடுவார். பேச்சில் ஒரு பிசிறு இல்லை. அது எவ்வளவு ஆபத்தானது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணிக்கு வலது விலாவுக்குக் கீழே இரண்டு மாதமாக வலி. வயிற்றை ஸ்கேன் செய்த வேறொரு டாக்டர், ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது, அது என்னவென்று மருந்து போட்டு சிடி எடுத்துத்தான் சொல்ல முடியும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அண்ணன் நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். புள்ளியைப் பற்றிப் பயப்படுவதா, மருந்தைப் பற்றிப் பயப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. ஐந்தாம் நாள் அண்ணி தானே கிளம்பி வந்துவிட்டார். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள்.

சிஸ்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இந்த வேலையில் பதினைந்து வருடம் பழுத்தவர், குரல் கொஞ்சம் கறார்.

"இதுக்கு முன்னாடி இந்த மருந்து போட்டிருக்கா? ஆஸ்துமா இருக்கா? எந்த மருந்துக்காவது அலர்ஜி?"

"எனக்கு இருக்கற ஒரே அலர்ஜி அதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குது" என்றார் அண்ணி.

"அதுக்கு எங்ககிட்ட ஊசி இல்ல" என்றார் சிஸ்டர்.

இன்னொரு டெக்னீஷியன், "அண்ணே, நீங்க வெளிய இருங்க, இத நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் உடனே எழுந்தார். அண்ணிதான் விடவில்லை.

"இருக்கட்டும். ஊருக்கெல்லாம் சொல்றத நானும் ஒரு தடவ முழுசாக் கேக்கணும். வீட்ல எங்கிட்ட நாலு வார்த்த சேந்தாப்புல பேசறதில்ல."

அண்ணன் உள்ளே போனார். அவ்வளவு நன்றாக அந்தப் பேச்சை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சாதாரணத்தையும் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல மெதுவாக வைத்தார். பல்பைக் கையில் வைத்து விரல்களை மூடினார். அந்த ஒரு வரியைச் சொன்னாரா, சொல்லாமலே வந்தாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவருக்கும் இல்லை.

முதலில் மருந்தில்லாமல் ஒரு படம். மைக்கில் கேட்டார்: "எப்படி இருக்கு?"

"உங்க ஆபீஸ்ல குளிர மட்டும்தான் ஓசியாத் தர்றாங்க போல" என்றது ஒலிபெருக்கியில் அண்ணியின் குரல். சிஸ்டர் சிரித்துவிட்டார்.

பிறகு மருந்து ஓடியது. சில நொடிகளில் ஒரு படம், ஒரு நிமிடம் கழித்து இன்னொரு படம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் அண்ணி பிடித்தார். விடச் சொன்னதும் விட்டார். ஈரல் புள்ளிக்கு, மருந்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு படம் வேண்டும். அதற்குச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். திரையில் நொடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சிஸ்டர் அடுத்த நோயாளியின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் தினமும் நடப்பதுதான்.

அண்ணன் மைக்கில் கேட்டார். "சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு. இப்ப நல்லா இருக்கேன்."

எனக்கு அதில் எதுவும் தவறாகப் படவில்லை. ஆயிரம் நோயாளிகள் சொல்லிக் கேட்ட பதில். நான் என் திரைக்குத் திரும்பப் போனேன். அப்போதுதான் அவருடைய சட்டைத் தையல் ஏறுவதைப் பார்த்தேன்.

"என்ன சொன்ன?" என்றார் மறுபடியும்.

ஒரு சின்ன இடைவெளி. "ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்."

நாற்காலி உருண்டு வந்து என் மேசையில் இடித்தது. அவர் எழுந்துவிட்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் சிஸ்டர்.

"இவ இப்படிப் பேச மாட்டா."

"எப்படி?"

"நல்லா இருக்கேன்னு இவ சொல்ல மாட்டா சிஸ்டர். ஒரு நாளும் சொன்னதில்ல."

அதற்குள் கதவைத் திறந்திருந்தார். நானும் கதவுவரை போனேன். அண்ணி அசையாமல்தான் படுத்திருந்தார், சொன்னது சொன்னபடி. கழுத்திலிருந்து காதுவரை தோல் சிவந்து, திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. உதடு வேறு யாருடையதோபோல வீங்கியிருந்தது. போர்வைக்கு அடியில் ஒரு கை மட்டும், மற்ற உடம்பு அசையாதபடி, தொடையை மெல்ல மெல்லச் சொறிந்துகொண்டிருந்தது. இன்னொரு கையில் பல்பு. மூடிய விரல்கள் மூடியபடியே இருந்தன.

"தொண்ட..." என்றார். குரல் கரகரத்தது. எழுந்து உட்காரப் பார்த்தார்.

"எழுந்திரிக்காதீங்க! படுங்க!" சிஸ்டர் அண்ணனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "டாக்டரக் கூப்பிடுங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அடுத்த அறைக்கு ஏழெட்டு அடிதான். அதை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. டாக்டரம்மா வந்தபோது சிஸ்டர் அவசர மருந்துத் தட்டை மேசையில் வைத்து, அட்ரினலின் குப்பியை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டிருந்தார். தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தினார்கள். ஆக்சிஜன் முகமூடி. கையில் ஏற்கெனவே இருந்த குழாயில் சலைன் வேகமாக ஓடியது. ரத்த அழுத்தக் கருவி ஒரு எண்ணைக் காட்டியது. நூறுக்கு மேல் இருக்க வேண்டிய மேல் எண்ணே அறுபத்தெட்டு.

அண்ணன் மேசையின் கால்மாட்டில் நின்றார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கியபடி, யாரோ துப்பாக்கி நீட்டியது மாதிரி. உதடு மட்டும் அசைந்தது. கதவருகே நின்றிருந்த எனக்கு அது கேட்டது. "சாதாரணம்... சாதாரணம்..."

"அண்ணே!" சிஸ்டரின் குரல் அறைந்தது. "அப்புறம் நடுங்கலாம்! அவங்க காலத் தூக்கிப் புடிங்க!"

அவர் குனிந்து அண்ணியின் இரண்டு கால்களையும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கால்கள் மேலே போனால் அங்கிருக்கும் ரத்தம் இதயத்துக்கு இறங்கும். பாதங்கள் அவருடைய மோவாய்க்குக் கீழே இருந்தன. தையல் மிதியை மிதித்து மிதித்துக் காய்ப்பேறிய வலது பாதம்.

ஊசி போட்டாயிற்று. இனி ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் என்று எத்தனையோ ரிப்போர்ட்டில் தட்டியிருக்கிறேன். அது இவ்வளவு நீளம் என்று தெரியாது. எங்கள் பக்கத்துத் திரையில் நொடிகள் இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவது படத்தைத் தொடங்கலாமா என்று இயந்திரம் விடாமல் பீப் அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. நான் அந்தப் பொத்தானிலிருந்து தள்ளியே நின்றேன்.

வெளிக்கதவில் தட்டல். மகள். அம்மாவின் தோடும் வளையலும் கைக்குட்டையில் முடிந்து கையில் இருந்தது.

"அண்ணா, எல்லாரும் ஏன் ஓடறாங்க? அம்மாவுக்கு என்ன?"

என் நாக்கில் முதலில் வந்து நின்ற சொல் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அதை விழுங்கினேன். "மருந்து ஒத்துக்கல. டாக்டர் கூடவே இருக்காங்க. ஊசி போட்டிருக்கு. இன்னும் சரியாகல" என்றேன். அவள் அழவில்லை. கைக்குட்டை முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

ஐந்து நிமிடம் கழிந்தும் எண் எழுபத்திரண்டில்தான் நின்றது. மூச்சில் விசில் சத்தம். "இன்னொண்ணு" என்றார் டாக்டரம்மா. அவருடைய நெற்றியும் வேர்த்திருந்தது. இரண்டாவது ஊசி. இரண்டாவது சலைன் புட்டி. அண்ணன் கண்ணை மூடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கதிர்வீச்சு எச்சரிக்கைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதில் ஏதோ விடை இருப்பதுபோல. கைகள் மரத்துப்போயிருக்க வேண்டும். ஒருவரும் மாற்றிக்கொள்ள வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்.

எண்பது. எண்பத்தாறு. விசில் சத்தம் மெலிந்தது. தொண்ணூற்றெட்டு வந்ததும் சிஸ்டர் முதல்முறையாக முதுகைச் சுவரில் சாய்த்தார்.

முகமூடிக்குள் அண்ணி என்னவோ சொன்னார். டாக்டரம்மா குனிந்து முகமூடியை ஒரு விரல் அகலம் விலக்கினார்.

"இவர... விடச் சொல்லுங்க" என்றார் அண்ணி, மூச்சு வாங்கி வாங்கி. "கட்டி இருவது வருஷத்துல... இன்னைக்குத்தான்... கால்ல விழத் தோணுச்சா..."

அண்ணன் அப்போதுதான் அழுதார். சத்தமாக, வாய் கோணி, பள்ளிக்கூட வாசலில் விடப்பட்ட பிள்ளை மாதிரி. கால்களை மட்டும் கீழே விடவில்லை. ஸ்ட்ரெச்சரோடு ஆள் வந்த பிறகு, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சிஸ்டர்தான் பிரித்தார்.

மறுநாள் வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். இப்படி வந்தது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால். வரவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் நான் பார்க்கப் போனபோது அண்ணன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரே இரவில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டதுபோல் தெரிந்தது. எத்தனையாவது தடவையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பல்பு கைலதானே இருந்துச்சு? ஏன் அமுக்கல?"

"மருந்து ஏறி, ரெண்டாவது படத்துக்கு முன்னாடியே அரிக்க ஆரம்பிச்சுடுச்சு" என்றார் அண்ணி. உதட்டு வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. "தொண்ட அடைச்சுது. காந்தும், சாதாரணம்னு நீங்கதான சொன்னீங்க? சரி, அவரு சொன்னது இதுதான் போலன்னு இருந்தேன்."

"அது வேற, இது வேறடி..."

"அது எனக்கு எப்படித் தெரியும்? எது வரைக்கும் சாதாரணம்னு நீங்க சொல்லலையே."

அண்ணன் அவர் காலருகே போர்வையை இழுத்துவிட்டார்.

"அதோட, அமுக்கினா படம் கெடும்னு வீட்ல எத்தன நாள் பொலம்பியிருக்கீங்க. அவரு பொண்டாட்டியே அமுக்கிட்டான்னு நாளைக்கு இவங்கள்லாம் உங்களக் கிண்டல் பண்ண மாட்டாங்களா?" என்று என்னைக் காட்டினார்.

"பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. செத்துப்போறதும் இப்படித்தான் சாதாரணமா இருக்குமோன்னு நெனச்சேன்."

அன்று மாலை அந்த ரிப்போர்ட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். ஈரலில் இருந்தது ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு, கெடுதல் இல்லாதது. இருக்கிற படங்களே போதும், ஆறு மாதம் கழித்துச் சாதாரண அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க. தொண்ட அடைச்சுக்கிட்டு இருந்த நேரத்துல எடுத்த படம் இது. துளி அசைவில்ல."

ஒரு வாரம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். முதல் நோயாளி ஒரு மோட்டார் மெக்கானிக். அண்ணன் அருகில் போய் நின்று, "மருந்து போகும்போது உடம்பு சூடாகும்" என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றார். மெக்கானிக் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சூடு அரை நிமிஷம்தான் இருக்கும்" என்றார் கடைசியில், வார்த்தை வார்த்தையாக. "அதுக்கு மேல இருந்தா எனக்குச் சொல்லணும். அரிச்சா சொல்லணும். தொண்ட அடைச்சா, தும்மல் வந்தா, மனசுக்கு என்னமோ சரியில்லன்னு பட்டாலும் சொல்லணும். படம் கெட்டாக் கெடட்டும். நல்ல பேஷண்ட்டுன்னு யாரும் பரிசு தரப்போறதில்ல."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. பழைய பேச்சைக் கேட்டவர்கள் இப்படி வெளுத்ததில்லை. அவர் இரண்டு தடவை பல்பை அமுக்கினார். இரண்டு தடவையும் அண்ணன் ஓடினார். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை.

ஆனால் பேச்சை மாற்றியது அவருக்குப் போதவில்லை. சொல்லச் சொல்லியும் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கு இப்போது தெரியும். அண்ணியை அவர் கண்டுபிடித்தது இருபது வருடம் கேட்ட வாயை வைத்து. வருகிற நோயாளிகளோடு அவர் இருபது நிமிடம்கூட வாழ்ந்ததில்லை. அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எதையாவது கேட்கிறார். எதில் வந்தீர்கள், வீட்டில் யார் சமையல், மகன் எப்படி, மழைக்கு வீடு ஒழுகுகிறதா. மேலாளர் கோபித்துக்கொண்டார், வரிசை நீள்கிறதாம். அண்ணன் நடுங்கிக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்து, அடுத்தவரிடமும் கேட்டார்.

நேற்று ஒரு முதியவர், பேச விரும்பாத ஆள், எரிந்து விழுந்தார். "ஸ்கேன் எடுக்க வந்தேனா, பொண்ணு பாக்க வந்தேனா? எதுக்குய்யா இவ்ளோ கேள்வி?"

"சும்மாதான் ஐயா. நீங்க எப்படித் திட்டுவீங்கன்னு தெரிஞ்சுக்கணும்" என்றார் அண்ணன்.

"தெரிஞ்சு?"

அண்ணன் பல்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மருந்து ஓடத் தொடங்கியது. முன்பெல்லாம் காத்திருக்கும் நிமிடங்களில் நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நெட்டி முறிப்பார். இப்போது நாற்காலியில் உட்காருவதே இல்லை. முதல் படங்கள் முடிந்ததும், ஒரு கை மைக் பொத்தானில், ஒரு கை கதவுப் பிடியில், தோள்கள் காதருகே.

"ஐயா, இப்ப எப்படி இருக்கு?"

ஒலிபெருக்கி கரகரத்தது. அண்ணனும் சிஸ்டரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"உயிரோடதான்யா இருக்கேன், தொணதொணக்காத!"

கதவுப் பிடியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. மூன்றாவது படத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.